அற்புதமும் அடையாளமும்: கிறிஸ்தியான்பேட்டை எழுப்பும் வினா

கிறிஸ்தவ ஊழியத்தில் அற்புதங்களுக்கும் ஆவியின் வல்லமைக்கும் உரிய இடம் எது என்னும் வினா தமிழ்ச் சபைகளில் எழும்போதெல்லாம், அது மேலைநாட்டிலிருந்து வந்திறங்கிய ஒரு பழக்கத்தைப் பற்றிய வினாவாகவே பேசப்படுகிறது. மரபுச் சபையினர் பலர் அதனை அமெரிக்க இறக்குமதி என்பர். பெந்தெகொஸ்தே சபையினர் பலரோ, 1906இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் அசூசா தெருவில் மூண்ட எழுப்புதலின் தொடர்ச்சி என்பர். இரு சாராரும் மறந்துவிடுவது ஒன்றுண்டு. அசூசா தெருவுக்கு 46 ஆண்டுகளுக்கு முன்னரே, திருவில்லிபுத்தூரை அடுத்த ஒரு சிற்றூரில், இதே வினா தமிழில் எழுந்தது. அன்று எழுந்த முறையை நோக்கினால் இன்றைய விவாதத்தில் விடுபட்டுப்போன ஒரு பகுதி புலனாகும்.

முதலில் சொற்களைக் காண்போம். யோவான் எழுதிய நற்செய்தி, இயேசுவின் வியத்தகு செயல்களைக் குறிக்க 'அடையாளம்' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லையே பெரிதும் ஆள்கிறது. கானாவூர்த் திருமணத்தில் தண்ணீர் திராட்சரசமான நிகழ்ச்சியைச் சொல்லுமிடத்தில், சீர்திருத்த சபையினரின் பழைய மொழிபெயர்ப்பு அதனை 'அற்புதம்' என்றே பெயர்த்தது. 1995இல் வெளியான பொது மொழிபெயர்ப்பாகிய திருவிவிலியம் 'அரும் அடையாளம்' என்றது. கத்தோலிக்க மக்களின் பேச்சு வழக்கிலோ 'புதுமை' என்பதே சொல். மருட்கை என்னும் மெய்ப்பாடு தோன்றும் நிலைக்களன் நான்கனுள் புதுமையை முதலாவதாக வைத்தவர் தொல்காப்பியர் என்பது இங்கு நினைக்கத்தக்கது. அற்புதமும் புதுமையும் காண்பவரின் வியப்பைச் சொல்லும் சொற்கள். அடையாளம் என்பதோ தன்னைக் கடந்து வேறொன்றைச் சுட்டும் சொல். வியப்பில் நின்றுவிடுவதா, சுட்டப்படும் பொருளை நோக்கிச் செல்வதா என்னும் சிக்கல் இச்சொற்களுக்குள்ளேயே இருக்கிறது.

ஜான் கிறிஸ்தியான் அருளப்பன் 1810இல் திருநெல்வேலிச் சீமையில் பிறந்தவர். பாளையங்கோட்டையில் ரேனியஸ் நடத்திய கல்விச்சாலையில் பயின்றவர். 1833இல் இந்தியா வந்த அந்தோணி நோரிஸ் குரோவ்ஸ் என்னும் ஆங்கிலேயரோடு அவருக்குத் தொடர்பு ஏற்பட்டது. பல் மருத்துவத் தொழிலை விட்டு ஊழியத்திற்கு வந்த குரோவ்ஸ், ஊழியக்காரன் எந்தச் சங்கத்திடமும் சம்பளம் பெறாமல் விசுவாசத்தால் வாழவேண்டும் என்ற கொள்கையுடையவர். அருளப்பன் அக்கொள்கையைத் தமது வாழ்க்கை நெறியாகவே ஏற்றார். 1840இல் கிறிஸ்தியான்பேட்டை என்னும் குடியிருப்பை நிறுவி, மிஷன் சங்கங்களின் ஊதியப் பட்டியலுக்கு வெளியே நின்று ஊழியம் செய்தார்.

1860இல் அங்கு எழுப்புதல் உண்டாயிற்று. அயர்லாந்தின் அல்ஸ்டர் பகுதியில் முந்திய ஆண்டு நிகழ்ந்த எழுப்புதலின் செய்திகள் அதற்குள் இந்தியாவை எட்டியிருந்தன. மக்கள் நடுங்கினர், அழுதனர், பாவங்களை வெளிப்படையாக அறிக்கையிட்டனர், தரிசனம் கண்டதாகக் கூறினர், தீர்க்கதரிசனம் உரைத்தனர், அந்நிய பாஷைகளில் பேசினர். பெண்களும் உரைத்தனர். பின்னர் இவர்களிற் பலர், ஊதியமோ நியமனமோ இன்றி, அண்டை ஊர்களுக்குச் சென்று உபதேசித்தனர்.

மிஷனரிமாரின் எதிர்வினை இருவகைப்பட்டது. வெளிநாட்டுப் பணமின்றி உள்ளூர் மக்கள் தாமே உபதேசிக்கக் கிளம்பியதை அவர்களுள் சிலர் பெரிதும் போற்றினர். அக்காலத்து உபதேசியார் என்போர் பெரும்பாலும் சங்கங்களின் சம்பளத்தில் வாழ்ந்தவர்கள் என்பதை எண்ணினால் இப்போற்றுதலின் காரணம் விளங்கும். ஆனால் நடுக்கமும் தரையில் விழுதலும் அவர்களைக் கலங்கச் செய்தன. திருநெல்வேலியின் பேய்வழிபாட்டையும் சாமியாடுதலையும் பற்றி 1849இலேயே கால்டுவெல் விரிவாக எழுதியிருந்தார். எந்த உடல்மொழியைக் கைவிடுமாறு மக்களுக்குக் கற்பிக்கப்பட்டதோ, அதனையொத்த உடல்மொழி பரிசுத்த ஆவியின் பெயரால் திரும்பி வந்தபோது அதை எவ்வாறு அளப்பது? இதற்குள் இன்னொரு வினாவும் மறைந்திருந்தது. ஆவி நேரடியாகப் பேசுமானால், குருப்பட்டம் பெறாத தமிழனும், பட்டம் பெறவே வழியில்லாத பெண்ணும் பேசலாம். எனவே வல்லமை பற்றிய விவாதம் அன்றே அதிகாரம் பற்றிய விவாதமாகவும் இருந்தது என்பது என் கருத்து.

இந்த விடுதலையின் மறுபக்கத்தைத் திருவிதாங்கூர் காட்டிற்று. அருளப்பனின் சீடர்கள் வழியாக எழுப்புதல் அங்கும் பரவியது. 1873ஐ ஒட்டி அதன் தலைவராக எழுந்தவர் யுஸ்துஸ் ஜோசப். தமிழ்ப் பிராமணக் குடும்பத்தில் பிறந்து, கிறிஸ்தவராகி, ஆங்கிலிக்கன் சபையில் குருவானவர். அவருடைய இயக்கத்தில் 1881இல் கிறிஸ்து திரும்பி வருவார் என்னும் தீர்க்கதரிசனம் எழுந்தது. அவர் அதை ஏற்றுப் பரப்பினார். தனிச் சபையும் உருவாயிற்று. 1881 வந்தது, சென்றது. நம்பியவர் பலர் பழைய சபைகளுக்குத் திரும்பினர். எஞ்சியோர் 'யுயோமயம்' என்னும் புதுக் கொள்கையோடு ஒதுங்கினர். ஆவியின் பெயரால் உரைக்கப்பட்ட சொல்லைச் சோதித்தறியும் முறை சபையில் இல்லாதபோது, பொய்த்த சொல்லின் சுமை முழுவதும் அதை நம்பிய எளியோர்மேல் விழுகிறது என்பதற்கு இது சான்று.

இதற்கு நேர்மாறான சான்றும் உண்டு. புனேக்கு அருகில் கேட்காவில் பண்டித ரமாபாய் நடத்திய முக்தி இல்லம், பஞ்சத்தில் தப்பியோருக்கும் இளம் விதவையருக்கும் புகலிடமாக இருந்தது. 1905 ஜூனில் அங்கு எழுப்புதல் தோன்றியது. அந்நிய பாஷை பேசுதலே ஆவியின் நிறைவுக்குத் தவிர்க்கவொண்ணாச் சான்று என்ற அமெரிக்கக் கொள்கையை முக்தி இல்லம் ஏற்கவில்லை. இளம்பெண்கள் குழுக்களாக ஊர்களுக்குச் சென்று ஊழியம் செய்தனர். இல்லத்தின் கல்வியும் கைத்தொழிலும் தொடர்ந்தன. அங்குப் பணியாற்றிய மின்னி ஏப்ரம்ஸ் எழுதிய சிறுநூல் சிலி நாட்டை எட்டி, 1909இல் அங்கெழுந்த பெந்தெகொஸ்தே இயக்கத்திற்குத் தூண்டுகோலாயிற்று. வல்லமை மேற்கிலிருந்து கிழக்கிற்கு மட்டுமே பாய்ந்தது என்னும் கதை பிழையானது.

அறிஞர் உலகிலோ விவாதம் வேறொரு திசையில் இறுகியது. அற்புதங்கள் அப்போஸ்தலரின் அதிகாரச் சான்றுகள். அவர்கள் காலத்தோடு அவை முடிந்தன என்று பிரின்ஸ்டன் இறையியலாளர் வார்ஃபீல்டு 1918இல் வெளியிட்ட நூலில் வாதிட்டார். அதே 1918இல்தான் வேலூரில் ஐடா ஸ்கடர் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார். 1838இலேயே நெய்யூரில் மருத்துவ ஊழியம் தொடங்கியிருந்தது. இவற்றுக்கு மாறாக, 1920களில் இலங்கையில் தோன்றிய சிலோன் பெந்தெகொஸ்தே மிஷன், தன் ஊழியர்கள் மருந்துண்ணாமல் தெய்வீக சுகத்தையே சார்ந்திருக்க வேண்டும் என்ற நெறியை வகுத்தது. இவ்வாறு, குணமளித்தல் என்னும் ஒரே ஊழியத்திற்கு இருவேறு பாதைகள் அமைந்தன. மருந்து மறுப்பை நாம் ஏற்காமலிருக்கலாம். எனினும் அந்நெறி முதலில் ஊழியக்காரரின் உடல்மேலேயே சுமத்தப்பட்டது என்பதை மறுக்கவியலாது.

இன்றைய குணமளிப்புக் கூட்டங்களில் சிக்கல் இங்குதான் தொடங்குகிறது. மேடையில் நிற்பவர் எதையும் இழப்பதில்லை. சுகம் பெற்றவர் சாட்சி சொல்ல மேடைக்கு அழைக்கப்படுகிறார். பெறாதவர் கூட்டத்தோடு கலைந்து வீடு திரும்புகிறார். உமது விசுவாசம் போதவில்லை என்று அவரிடம் சொல்லப்படுமானால், நோயோடு குற்றவுணர்வும் சேர்ந்துகொள்கிறது. வலிப்புக்கோ நீரிழிவுக்கோ உண்டுவந்த மருந்தை அவர் நிறுத்திவிட்டால் உயிருக்கே கேடு. மந்திர மாயங்களால் நோய் தீர்ப்பதாக விளம்பரம் செய்வதைத் தடுக்க 1954ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உண்டு. ஆனால் சட்டம் விளம்பரத்தைப் பார்க்குமேயன்றி, வீடு திரும்பியவரின் மனத்தைப் பாராது. அதைப் பார்க்கவேண்டியது சபையின் கடன்.

வேதமே இதற்கு வழி காட்டுகிறது. பலரைக் குணமாக்கிய பவுல், தம் மாம்சத்தின் முள் நீங்க மூன்றுமுறை வேண்டியும் அது நீங்கவில்லை. துரோப்பீமுவை மிலேத்துவில் நோயாளியாகவே விட்டுவந்ததாக அவர் எழுதுகிறார். தீமோத்தேயுவின் வயிற்று நோய்க்குச் சிறிது திராட்சரசம் குடிக்கச் சொல்கிறார். இவர்களில் எவரிடமும் விசுவாசக் குறைவைப் பவுல் காணவில்லை. குணமாகாதவரின் பெயரும் எழுதப்பட்டிருப்பதே அந்நூலின் நேர்மை.

வார்ஃபீல்டைப் போல அற்புதங்களின் கதவை முற்றாக அடைக்க நான் விரும்பவில்லை. அடைத்தால், 1860இல் பேச வாய்த்த அந்தப் பெண்களின் குரலையும் சேர்த்தே அடைத்துவிடுவோம். ஆனால் ஆவியின் வல்லமையை உரிமைகோரும் எந்த ஊழியத்திடமும் நாம் கேட்கத்தக்க வினாக்கள் மூன்று. அதனால் பேச வாய்த்தவர் யார்? அதன் பொருட்டு இழந்தவர் யார், ஈட்டியவர் யார்? சுகமாகாதவருக்கு அங்கு இடமுண்டா? அருளப்பன் 1867இல் மறைந்தார். அவரது வரலாற்றையும் நாட்குறிப்புகளையும் 1939இல் நூலாக்கிய ஜி. எச். லாங், தற்காலத்து அந்நிய பாஷை இயக்கத்தைக் கடுமையாக விமர்சித்தவர். அவரே அருளப்பனின் எழுப்புதலை மதித்துப் பதிவுசெய்தார். ஏற்பதற்கும் மறுப்பதற்கும் இடையே ஆராய்ந்து அறிதல் என்று ஒன்றுண்டு. தமிழ்ச் சபைகள் இன்று மீட்டெடுக்க வேண்டியது அதுவே.