டஜன்

டஜன் என்பது பன்னிரண்டு பொருள்கள் சேர்ந்த ஒரு தொகுதியைக் குறிக்கும் சொல். டசன் என்றும் எழுதுவர். ஆங்கிலத்தின் வழியாகத் தமிழுக்கு வந்தது. ஆங்கிலத்துக்கோ அது 1300ஆம் ஆண்டையொட்டிப் பழைய பிரெஞ்சு மொழியிலிருந்து சென்றது.

பிரெஞ்சில் பன்னிரண்டு என்ற எண்ணின் பெயர் 'தூஸ்'. அதனுடன் ஒரு விகுதி சேர்ந்தால் 'தூஸேன்', அதாவது பன்னிரண்டு கொண்ட ஒரு தொகுதி. எண்ணுப்பெயர் வேறு, தொகுதிப்பெயர் வேறு என்பதை இங்கே கவனிக்க வேண்டும். 2020இல் எல்லோர் வாயிலும் புழங்கிய குவாரன்டைன் என்ற சொல்லும் இத்தகையதே. நோய்க்கு அஞ்சிக் கப்பல்களைத் துறைமுகத்தில் காக்க வைத்த நாற்பது நாள் தொகுதியை அது குறித்தது.

'தூஸ்' என்பதன் மூலம் இலத்தீன் மொழியின் 'துவோதெகிம்'. இதில் 'துவோ' இரண்டு, 'தெகெம்' பத்து. டஜன் என்ற சொல்லை, பழைய ஐரோப்பியர் பன்னிரண்டை அடியாக வைத்தே எண்ணினர் என்பதற்குச் சான்றாகக் காட்டுவது உண்டு. சொல்லின் வேர் அதற்கு இடம் தரவில்லை. அதற்குள் இருப்பது பத்துதான். ஆங்கிலத்தின் 'டுவெல்வ்' என்பதும் பத்து போக இரண்டு மிச்சம் என்ற பொருளில் அமைந்ததே. பத்தும் இரண்டும் புணர்ந்து பன்னிரண்டு ஆவதை நன்னூல் படித்த மாணவர் அறிவர்.

பத்தால் எண்ணியவர்கள் பொருளைப் பன்னிரண்டாகக் கட்டியது ஏன்? பங்கிடும் வசதிதான் காரணம். பத்துப் பொருளை இருவருக்கோ ஐவருக்கோதான் மிச்சமின்றிப் பிரிக்கலாம். பன்னிரண்டை இருவர், மூவர், நால்வர், அறுவர் என எப்படியும் பிரிக்கலாம். உரோமர் பன்னிரண்டில் ஒரு பங்கை 'உன்கியா' என்றனர். இஞ்சு, அவுன்சு என்ற இரண்டு சொற்களும் அதன் வழித்தோன்றல்கள். இங்கிலாந்தில் ஒரு சில்லிங்குக்குப் பன்னிரண்டு பென்னி என்ற கணக்கு 1971 பிப்ரவரி 15 அன்றுதான் முடிவுக்கு வந்தது. பன்னிரண்டு டஜன் சேர்ந்த 144க்குக் குரோஸ் என்று பெயர். அதுவும் பிரெஞ்சுச் சொல்லே. 'பெரிய டஜன்' என்ற தொடரில் 'பெரிய' மட்டும் எஞ்சி நிற்கிறது.

தமிழ்நாட்டுச் சந்தையில் தொகுதிப்பெயர்களுக்குப் பஞ்சம் இருந்ததில்லை. வாழைப்பழத்துக்குச் சீப்பு, வெற்றிலைக்குக் கவுளி. ஆனால் இவை அந்தந்தப் பொருளோடு ஒட்டியவை. பென்சிலைச் சீப்புக் கணக்கில் கேட்க முடியாது. சீப்பில் எத்தனை பழம் என்பதும் தாரைப் பொறுத்தது. வளையல், முட்டை, பென்சில் எதுவானாலும் டஜன் என்றால் பன்னிரண்டுதான்.