வடக்கன்குளத்துத் திருமுழுக்கும் ஒரு சுவரும்

சனவரி மாதத்தில் நம் திருவழிபாட்டு நாள்காட்டி இரண்டு விழாக்களை அருகருகே வைத்திருக்கிறது. ஆண்டவரின் திருமுழுக்கு விழாவோடு கிறிஸ்து பிறப்புக் காலம் நிறைவுபெறுகிறது. அதையொட்டி, சனவரி 14ஆம் நாள், நம் மண்ணின் மறைசாட்சி புனித தேவசகாயத்தின் திருநாள். பொங்கல் அவசரத்தில் இந்த இரண்டாவது விழாவைப் பலரும் கவனிப்பதில்லை. ஆனால் இவ்விரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போது, திருமுழுக்கையும் மனமாற்றத்தையும் பற்றிப் பேச வேண்டிய ஒரு வரலாறு நமக்குக் கிடைக்கிறது. அதையே இன்று சிந்திப்போம்.

யோர்தான் கரையில் திருமுழுக்கு யோவானிடம் வந்தவர்கள், நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார்கள். யோவான் அவர்களை அழச் சொல்லவில்லை, பலி செலுத்தச் சொல்லவில்லை. இரண்டு அங்கி வைத்திருப்பவர் இல்லாதவரோடு பகிர வேண்டும் என்றார். வரி தண்டுவோர் குறிக்கப்பட்டதற்கு மேல் வாங்கக் கூடாது என்றார். படைவீரர் எவரையும் மிரட்டிப் பணம் பறிக்கக் கூடாது என்றார் (லூக்கா 3:10-14). அவர் சொன்னவை எல்லாம் சட்டைப்பையையும், தொழிலையும், அடுத்தவரையும் தொட்ட பதில்கள். மனமாற்றத்தைக் குறிக்கும் எபிரேயச் சொல்லுக்குத் ‘திரும்பி வருதல்’ என்று பொருள். வந்த வழி தவறு என்று தெரிந்ததும் காலைத் திருப்புவது அது. நம் முன்னோர் வழங்கிய ‘மனந்திரும்புதல்’ என்ற சொல்லில் அந்தத் திருப்பம் இன்னும் இருக்கிறது.

தொடக்கத் திருச்சபை இதை உடலாலேயே செய்து காட்டியது. நான்காம் நூற்றாண்டில் எருசலேமில் திருமுழுக்குப் பெறுவோர் முதலில் மேற்கு நோக்கி நின்று, கையை நீட்டி, சாத்தானைத் துறப்பதாக அறிக்கையிட்டனர். பிறகு கிழக்கே திரும்பி நம்பிக்கையை அறிக்கையிட்டனர். அதன் பின்னரே தண்ணீர். பாஸ்கா திருவிழிப்பில் மெழுகுதிரியைக் கையில் ஏந்தி நாம் ஆண்டுதோறும் வாக்குறுதிகளைப் புதுப்பிக்கிறோமே, அதன் வேர் அங்கே இருக்கிறது.

நம் தமிழ்க் கடற்கரையிலோ வரிசை மாறி நடந்தது. 1530களின் நடுவில் முத்துக்குளித்துறைப் பரதவ மக்கள் பல்லாயிரவர் போர்த்துக்கீசியரின் பாதுகாப்பைத் தேடி, கூட்டங்கூட்டமாகத் திருமுழுக்குப் பெற்றார்கள். தொழிலுக்கும் உயிருக்கும் நெருக்கடி வந்த காலம் அது. அவர்களைக் குறைசொல்ல நமக்கு உரிமையில்லை. 1542இல் அங்கு வந்து சேர்ந்த புனித பிரான்சிஸ் சவேரியார், தாங்கள் கிறிஸ்தவர்கள் என்பதைத் தவிர அவர்களுக்கு வேறொன்றும் தெரியவில்லை என்று கண்டு எழுதினார். மணியடித்துக்கொண்டு தெருத்தெருவாக நடந்து, தமிழில் செபங்களைச் சொல்லிக்கொடுத்தார். அவருக்குப் பின் வந்த அண்டிரிக்கு அடிகளார் தமிழ் கற்று, 1578இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ என்ற நூலை அச்சிட்டார். இந்திய மொழிகளிலேயே முதலில் அச்சேறியது தமிழ் என்று நாம் பெருமையோடு சொல்லிக்கொள்வது அந்த நூலை வைத்துத்தான். 1580இல் கொச்சியில் அவர் அச்சிட்ட இன்னொரு நூலைப் பற்றி நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. அது பாவசங்கீர்த்தனத்துக்கான கையேடு. திருமுழுக்கு நடந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆன பிறகு, அதைப் பெற்றவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் மனம் திரும்பக் கற்றுக்கொள்வதற்காக ஒரு புத்தகம்! தண்ணீர் ஒரு நாளில் ஊற்றப்பட்டுவிடும். திரும்புவதற்குத் தலைமுறைகள் ஆகும்.

இனி, இன்று நாம் பேச வந்த வடக்கன்குளத்துக்கு வருவோம். திருநெல்வேலி மாவட்டத்தின் தென்கோடியில், குமரி மாவட்டத்தை ஒட்டியிருக்கும் ஊர் அது. 1745 மே 14ஆம் நாள், முப்பத்துமூன்று வயதான ஓர் அரசுப் பணியாளர் அங்கே திருமுழுக்குப் பெற்றார். நட்டாலத்தில் 1712இல் பிறந்த நீலகண்டன் அவர். திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மரின் ஆட்சியில் செல்வாக்கோடு இருந்தவர். 1741இல் குளச்சல் போரில் டச்சுக்காரர்கள் தோற்றபோது சிறைப்பட்டு, பின்னர் அதே மன்னரின் படைத்தளபதியாக உயர்ந்த தெலனாய் என்ற கத்தோலிக்கர் அவருக்கு நண்பரானார். குடும்பத்தில் இழப்பு மேல் இழப்பாக வந்து நீலகண்டன் மனம் நொந்திருந்தபோது, தெலனாய் யோபுவின் கதையைச் சொன்னார் என்பது வழிவழியாக வரும் செய்தி. எல்லாம் இழந்தும் இறைவனை விடாத ஒரு மனிதரின் கதை அவரைத் தொட்டது. வடக்கன்குளத்தில் இயேசு சபைத் தந்தை புட்டாரி அவருக்கு லாசர் என்று பெயரிட்டார். ‘கடவுள் என் உதவி’ என்ற அதன் பொருளைத் தமிழில் தேவசகாயம் என்றார்கள். அவருடைய துணைவியாரும் திருமுழுக்குப் பெற்று ஞானப்பூ ஆனார்.

அவர் எதிலிருந்து திரும்பினார்? சிலைகளிலிருந்து என்று ஒரு வரியில் முடித்துவிடுவோர் உண்டு. அவரது வாழ்வு அதைவிடப் பெரிதாகத் திரும்பியது. மேல்சாதியில் பிறந்த அவர், எல்லா மனிதரும் சமம் என்று சொல்லி, தாழ்த்தப்பட்டவர்களாக நடத்தப்பட்ட மக்களோடு கலந்து பழகினார். அவர் மறையுரைத்தபோது சாதி வேறுபாட்டுக்கு எதிராக வற்புறுத்திப் பேசியதே மேல்தட்டினரின் வெறுப்பைக் கிளப்பியது என்று வத்திக்கான் வெளியிட்ட அவரது வாழ்க்கைக் குறிப்பே சொல்கிறது. 1749இல் கைது செய்யப்பட்டார். எருமையின் மேல் ஏற்றி ஊர் ஊராக இழிவுபடுத்தப்பட்டார். ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் வதைக்கப்பட்டார். 1752 சனவரி 14ஆம் நாள் ஆரல்வாய்மொழியை அடுத்த காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவரது உடல் கோட்டாறு புனித சவேரியார் ஆலயத்தில், பீடத்தின் முன் அடக்கம் செய்யப்பட்டது.

இந்த மனிதரின் தலையில் தண்ணீர் விழுந்த அதே ஊரில், ஒரு நூற்றாண்டுக்குச் சற்று அதிகமான காலத்துக்குப் பின் ஒரு புதுக் கோவில் எழுந்தது. திருக்குடும்ப ஆலயம் என்பது அதன் பெயர். நாசரேத்தூர் வீட்டின் பெயர்தான். ஆனால் கோவிலுக்குள் இரண்டு கூடங்கள். இரண்டும் தனித்தனியே தொடங்கிப் பீடத்தருகே வந்து சேரும், நடுவே சுவர். ஒரு கூடத்தில் பிள்ளை, முதலி என்ற பட்டம் உடையோர். மறு கூடத்தில் நாடார் முதலான மற்றவர்கள். இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் பீடம் தெரியும், குரு தெரிவார், அப்பம் உயர்த்தப்படுவது தெரியும். அந்தப் பக்கம் முழந்தாளிட்டிருக்கும் சகோதரர் மட்டும் தெரிய மாட்டார்.

சுவரின் இருபக்கமும் இருந்தவர்கள் எல்லாரும் ஒரே தண்ணீரில் திருமுழுக்குப் பெற்றவர்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. ஞாயிறுதோறும் ஒரே திருமுழுக்கை ஏற்றுக்கொள்கிறோம் என்று அறிக்கையிட்டவர்கள். பாவசங்கீர்த்தனத்துக்கும் போனவர்கள்தாம். கோபத்தையும் பொய்யையும் திருப்பலிக்குப் போகாததையும் அறிக்கையிட்டிருப்பார்கள். நடுவிலிருந்த சுவர் யாருடைய பாவப் பட்டியலிலும் இடம்பெற்றிருக்காது என்றே எண்ணத் தோன்றுகிறது. அதை அவர்கள் பாவமாகப் பார்க்கவில்லை, வழக்கமாகப் பார்த்தார்கள். குருக்களும் நெடுங்காலம் அந்த வழக்கத்துக்கு வளைந்துகொடுத்தார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். கட்டட வரைபடத்தை ஒப்புக்கொள்ளாமல் கோவில் எழுந்திருக்க முடியாது.

பங்குத்தந்தையாக இருந்த இயேசு சபைக் குரு கௌசானல் 1910இல் அந்தச் சுவரை இடித்தார். பாளையங்கோட்டையில் திருஇருதய சகோதரர்கள் சபையைத் தொடங்கியவர் இவரே. இடித்ததோடு பிரச்சினை முடியவில்லை. பிள்ளை, முதலிப் பிரிவுக் கத்தோலிக்கர்கள் தங்கள் உரிமை பறிபோனதாகச் சொல்லி, திருச்சிராப்பள்ளி ஆயர் பார்த் அவர்களை எதிர்த்து வழக்குத் தொடுத்தார்கள். அது சென்னை உயர் நீதிமன்றம் வரை போயிற்று. கிறிஸ்துவின் ஆலயத்துக்குள் சாதிப்படி தனியிடம் வேண்டும் என்ற கோரிக்கையை நீதிபதிகள் ஏற்கவில்லை. சுவரைத் திரும்பக் கட்ட ஆணையிடவும் மறுத்தார்கள். கிறிஸ்துவை அணிந்துகொண்டவர்களுள் அடிமையென்றும் உரிமைக் குடிமகனென்றும் வேறுபாடில்லை என்று பவுலடியார் கலாத்தியருக்கு எழுதி ஏறத்தாழ 1,860 ஆண்டுகள் ஆகியிருந்தன. அதை ஆங்கிலேயர் காலத்து நீதிமன்றம் ஒன்று கத்தோலிக்கருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது.

திருமுழுக்கு அழியாத முத்திரை என்கிறது நம் மறைக்கல்வி. அது ஒருமுறைதான், மறுபடி கொடுக்கப்படுவதில்லை. அந்த முத்திரை பதிந்தவரும் திரும்பி நடக்கலாம், பழைய இடத்துக்கே போய் நிற்கலாம். ஆகவேதான் ஒப்புரவு அருட்சாதனத்தை, கப்பல் உடைந்தபின் நீந்துகிறவருக்குக் கிடைக்கும் இரண்டாவது பலகை என்று திருச்சபைத் தந்தையர்கள் காலந்தொட்டுத் திருச்சபை சொல்லிவந்தது. வடக்கன்குளத்தில் கப்பல் உடைந்தது என்றுகூட அங்கிருந்தவர்களுக்குத் தெரியவில்லை. தனி மனிதர் மனம் திரும்புவதுபோல் ஒரு பங்கும் மனம் திரும்ப வேண்டியிருக்கும். அதற்குப் பாவசங்கீர்த்தனத் தொட்டி போதாது; அங்கே கடப்பாரையும் வேண்டியிருந்தது.

அது பழைய கதை என்று தள்ளிவிட முடியுமா? 2003 நவம்பரில் தமிழக ஆயர்கள் உரோமைக்குச் சென்றபோது, கிறிஸ்தவர்களிடையே சாதி வேற்றுமையின் சாயல்கூட உண்மையான மனித ஒன்றிப்புக்கு எதிரானது என்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவர்களிடம் சொன்னார். நம் செங்கல்பட்டு மறைமாவட்டம் அதற்கு முந்தைய ஆண்டுதான் பிறந்திருந்தது. 2016இல் இந்திய ஆயர் பேரவை தலித் மக்களின் மேம்பாட்டுக்கெனத் தனிக் கொள்கை அறிக்கையே வெளியிட்டது. பிரச்சினை தீர்ந்திருந்தால் அந்த அறிக்கைக்குத் தேவை இருந்திருக்காது. கல்லறைத் தோட்டங்களில் இன்றும் தனித்தனிப் பகுதிகள் உள்ள ஊர்கள் தமிழகத்தில் இருக்கின்றன. பழைய மகாபலிபுரம் சாலையில் அடுக்குமாடிகளில் குடியேறியிருக்கும் நமக்கு, பக்கத்து வீட்டுக்காரரின் சாதி தெரியாமலேயே ஆண்டுகள் ஓடிவிடும், நல்லதுதான். ஆனால் பிள்ளைகளுக்கு வரன் பார்க்கும்போது ‘ஆர்.சி.’ என்று எழுதிவிட்டு, அதன் பக்கத்தில் இன்னொரு சொல்லையும் எழுதுகிறோம். யோவானிடம் நாம் போய், என்ன செய்ய வேண்டும் என்று கேட்டால், அவர் அந்த விண்ணப்பத்தை வாங்கிப் பார்ப்பார் என்றே நினைக்கிறோம்.

தேவசகாயம் 2012 டிசம்பர் 2ஆம் நாள் நாகர்கோவிலில் அருளாளராக உயர்த்தப்பட்டபோது ‘தேவசகாயம் பிள்ளை’ என்றே அழைக்கப்பட்டார். அந்தப் பட்டம் அவர் உயிரைக் கொடுத்த நோக்கத்துக்கே எதிரானது என்று சிலர் வத்திக்கானுக்கு எழுதினார்கள். வத்திக்கான் அதை ஏற்றுக்கொண்டது. 2022 மே 15ஆம் நாள் புனித பேதுரு சதுக்கத்தில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தபோது, வடக்கன்குளத்தில் அவர் பெற்ற பெயர் மட்டுமே வாசிக்கப்பட்டது.

பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்கள் நம் பங்கிலும் இருப்பீர்கள். தாம்பரத்தில் கன்னியாகுமரி விரைவு வண்டியில் ஏறினால் காலையில் வள்ளியூர் வந்துவிடும். அங்கிருந்து வடக்கன்குளம் தொலைவில்லை. ஆரல்வாய்மொழியும் காற்றாடிமலையும் அதற்கடுத்துத்தான். நேரமிருந்தால் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு இறங்குங்கள். தேவசகாயம் திருமுழுக்குப் பெற்ற இடத்தைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். சுவர் எங்கே இருந்தது என்றும் கேளுங்கள்.