திரும்பி வரும் நோயும் கல்முனைக் கரையும்

மருதமுனையிலிருந்து நிந்தவூர் வரை நீளும் கரையூர்களில், ஒருவன் பல நாள் உறக்கமின்றித் திரிந்து, ஓயாது பேசி, கையிலுள்ள பணத்தையெல்லாம் வாரியிறைப்பானாயின், அவனை ஜின் தீண்டியதென்று வீட்டார் கருதுவது நெடுங்கால வழக்கு. ஓதிப் பார்ப்பர், ஓதிய நீரைப் பருகக் கொடுப்பர், கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளிக்கு நேர்ச்சை வைப்பர். சில மாதங்களில் அவன் தெளிந்தும் விடுவான். பின்னொரு காலத்தில் அதே மனிதன் தொழிலுக்குப் போகாது, உண்ணாது, சுவரை நோக்கிப் படுத்துக் கிடப்பான். இவ்விரண்டும் ஒரே நோயின் இரு முகங்கள் என அறிதல் எளிதன்று. மருந்தின்றியும் ஒவ்வோர் எழுச்சியும் காலப்போக்கில் தணிவதுண்டு. ஆதலின், அவ்வேளையில் செய்த பரிகாரம் எதுவோ அதற்கே புகழ் சேர்ந்தது.

ஆயினும், மனநோயை வைத்தியத்துக்குரியதாகக் கொள்வது முஸ்லிம்களுக்குப் புதிதன்று. 934ஆம் ஆண்டு மறைந்த அபூ ஸைத் அல்பல்கீ, காரணம் அறியப்பட்ட துயரையும் அறியப்படாத துயரையும் வேறு பிரித்து எழுதினார். இப்னு ஸீனாவின் ‘அல்கானூன்’ என்ற பெருநூல் மாலிகூலியா எனும் மனச்சோர்வை நோய்களுள் ஒன்றாக வைத்தே ஆராய்கிறது. ஐரோப்பாவில் 1854இல் பிரெஞ்சு வைத்தியர் பால்ரே எழுச்சியும் சோர்வும் சுழன்று வரும் நோயை விவரித்தார். 1899இல் ஜெர்மனியரான கிரேப்பலின் இரண்டையும் ஒரே நோயெனத் தொகுத்தார். இன்று அது இருதுருவ மனநோய் எனப்படுகிறது.

இலங்கையிலோ வைத்தியத்துக்கு முன்னே சட்டம் வந்தது. 1873ஆம் ஆண்டின் பித்தர் கட்டளைச் சட்டம் நோயாளியை நீதிமன்றத்தின் விசாரணைக்கு உட்படுத்தியது. 1956இல் அது திருத்தப்பட்டு வேறு பெயர் பெற்றது. 1926இல் திறக்கப்பட்ட அங்கொட மனநோய் வைத்தியசாலை தீவின் மறுகரையில், கொழும்புக்கு அருகே இருந்தது. கல்முனையான் ஒருவனை அங்கே அனுப்புவதென்றால், தமிழும் தெரியாத, தன் ஊர்ச் சோறும் கிட்டாத இடத்தில் விட்டுவருவதாகவே வீட்டார் உணர்ந்திருப்பர்.

திருப்பம் அவுஸ்திரேலியாவில் நேர்ந்தது. சிங்கப்பூரின் சாங்கி முகாமில் மூன்றாண்டுகளுக்கு மேல் யப்பானியரின் கைதியாயிருந்து மீண்ட ஜோன் கேட் என்னும் வைத்தியர், லித்தியம் எனும் எளிய உப்பு மன எழுச்சியைத் தணிப்பதை 1949இல் வெளியிட்டார். டென்மார்க்கின் மோகன்ஸ் ஷூ 1954இல் அதனை முறைப்படி சோதித்து உறுதிசெய்தார். அளவு சற்று மிகுந்தாலும் நஞ்சாகும் மருந்து அது. ஆதலின் இரத்தத்தை அடிக்கடி சோதித்தல் வேண்டும். தூரத்து வைத்தியசாலையால் இது ஆகாது.

2000ஆம் ஆண்டை ஒட்டி, போரின் நடுவே, வைத்தியர் மகேசன் கணேசன் மட்டக்களப்பில் உளநல சேவையைக் கட்டியெழுப்பத் தொடங்கினார். அவ்வூர் கல்முனைக்கு வடக்கே ஏறத்தாழ 40 கிலோமீற்றர் தொலைவு. 2004 டிசம்பர் 26ஆம் நாளின் ஆழிப்பேரலையில் இலங்கை மாவட்டங்களுள் மிகுந்த உயிர்களை இழந்தது அம்பாறையே. அடுத்த ஆண்டில் வந்த தேசிய உளநலக் கொள்கை, ஒவ்வொரு மாவட்டத்திலும் மனநோயாளரைத் தங்கவைத்துச் சிகிச்சை அளிக்கும் விடுதி வேண்டுமென வகுத்தது.

மருந்து அண்மையில் வந்தபின் வேறு தடைகள் புலப்பட்டன. நோன்பாளி பகல் முழுதும் நீரருந்துவதில்லை. வெயிலில் உழைப்பவனின் உடலில் நீர் குறைய, இரத்தத்தில் லித்தியம் ஏறக்கூடும். கைநடுக்கம், வாந்தி, தள்ளாட்டம் ஆகியன அதன் அறிகுறிகள். ஸஹருக்கு எழுவதாலும் இரவுக் கடல்தொழிலாலும் உறக்கம் குலையும். உறக்கக் குறைவோ எழுச்சியைத் தூண்ட வல்லது. ஆதலின் ரமழானுக்கு முன்பே வைத்தியரைக் கலந்து கொள்ளுதல் வேண்டும். நோயாளிக்கு நோன்பில் விலக்கும், அதற்கு ஈடும் மார்க்கத்தில் உள்ளன. ஆனால் நடமாடித் தொழில் செய்பவனை நோயாளியென ஏற்க வீட்டார் தயங்குகின்றனர், அவனும் நாணுகிறான்.

மணமகன் பெண்வீட்டில் குடிபுகும் வழக்கமுள்ள கரை இது. அவன் உறங்காமையை முதலில் காண்பவர் மனைவியும் மாமியும்; முன்னைய நோயை அறிந்த தாயோ வேறு வீட்டில் இருக்கிறாள். கலியாணம் பேசுகையில் மறைக்கப்பட்ட நோய்க்குரிய மாத்திரையும் மறைத்தே உண்ணப்படுகிறது; ஒருநாள் அது நிறுத்தப்படுகிறது. லித்தியத்தைத் திடீரென நிறுத்தியோருக்கு நோய் முன்னிலும் விரைவில் திரும்புவதுண்டு.