ஆபீஸ் போனில் ஒரு புள்ளி செய்யும் வேலை: அழைப்புகளைத் தடுக்கும் 'வைல்டுகார்டு' என்றால் என்ன? எங்கே தவறு நடக்கிறது?

வெள்ளிக்கிழமை மாலை 7 மணிக்கு ஆபீஸைப் பூட்டிவிட்டு எல்லோரும் கிளம்பிவிடுகிறார்கள். திங்கட்கிழமை காலை 7 மணிக்குத்தான் மறுபடியும் கதவு திறக்கும். நடுவில் 60 மணி நேரம். உள்ளே ஆள் யாரும் இல்லை. ஆனால் போன் சிஸ்டம் விழித்துக்கொண்டுதான் இருக்கிறது.

மோசடிக்காரர்கள் குறி வைப்பது இந்த மாதிரி நேரத்தைத்தான். இணையம் வழியாக ஆபீஸ் போன் சிஸ்டத்துக்குள் புகுந்து, அந்த ஆபீஸ் கணக்கிலேயே வெளிநாட்டு எண்களுக்குப் போன் போட்டுத் தள்ளுவார்கள். பில் வந்த பிறகு, "நாங்க யாருமே பேசலையே சார்" என்று சொல்லிப் பெரும்பாலும் பயன் இருக்காது. அழைப்பு போனது அந்த ஆபீஸ் லைனில் இருந்துதானே!

இதைத் தடுக்க போன் சிஸ்டத்தில் சில விதிகள் எழுதப்படுகின்றன. இவற்றுக்கு 'டயல் பேட்டர்ன்' என்று பெயர். அந்த விதிகளின் உயிர்நாடிதான் வைல்டுகார்டு. அதைக் குறுக்கி எழுதினால் திருடன் நுழைவான். அகலமாக எழுதினால் ஆம்புலன்ஸுக்கே போன் போகாது.

எவ்வளவு நஷ்டம் வரும்?

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பல அலுவலகங்களில் இருக்கும் 'பிஆர்ஐ' இணைப்பு ஒன்றில் ஒரே நேரத்தில் 30 பேர் பேச முடியும். அந்த 30 லைனும் 60 மணி நேரம் ஓடினால் மொத்தம் 1 லட்சத்து 8 ஆயிரம் நிமிடங்கள். நிமிடத்துக்கு 10 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலே 10 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய்!

இதில் மோசடிக்காரருக்கு என்ன லாபம்? சில வெளிநாட்டு எண்களுக்கு வரும் அழைப்புக் கட்டணத்தில் ஒரு பங்கு, அந்த எண்ணை வைத்திருப்பவருக்குப் போகும். அந்த எண்ணுக்குத்தான் உங்கள் ஆபீஸில் இருந்து அழைப்பு போகும். எக்ஸ்டென்ஷன் 101க்குப் பாஸ்வேர்டும் 101 என்றே வைத்திருக்கும் சிஸ்டங்கள் முதல் பலி.

வைல்டுகார்டு என்றால் என்ன?

சீட்டாட்டத்தில் ஜோக்கர் எந்தச் சீட்டின் இடத்திலும் உட்காரும். வைல்டுகார்டும் அப்படித்தான். ஓர் எழுத்தோ குறியோ, பல இலக்கங்களுக்குப் பதிலாக நிற்கும். ஒவ்வொரு எண்ணாக லட்சக்கணக்கில் எழுத வேண்டியதை ஒரே வரியில் முடித்துவிடலாம்.

உலகம் முழுக்கப் பயன்படும் ஓப்பன் சோர்ஸ் மென்பொருளான 'ஆஸ்டரிஸ்க்'கில் உள்ள முக்கியமான குறிகள் இவை:

• 'எக்ஸ்' என்ற ஆங்கில எழுத்து: 0 முதல் 9 வரை எந்த ஓர் இலக்கமும்
• 'இசட்': 1 முதல் 9 வரை
• 'என்': 2 முதல் 9 வரை
• [6-9] போன்ற சதுர அடைப்பு: அதற்குள் இருக்கும் இலக்கங்களில் ஒன்று மட்டும்
• புள்ளி: இதற்குப் பிறகு ஒன்றோ அதற்கு மேலோ எது வந்தாலும் சரி
• ஆச்சரியக்குறி: பிறகு ஏதாவது வந்தாலும் சரி, ஒன்றுமே வராவிட்டாலும் சரி

இங்கே ஒரு பொறி இருக்கிறது. சிஸ்கோவின் போன் சிஸ்டத்தில் 'ஒன்றோ அதற்கு மேலோ இலக்கங்கள்' என்பதைக் குறிப்பது ஆச்சரியக்குறி. புள்ளிக்கு அங்கே வேறு வேலை. வெளி லைன் எடுக்கப் போடும் எண்ணையும் மீதி எண்ணையும் அது பிரித்துக் காட்டும், அவ்வளவுதான். ஒரு சிஸ்டத்தில் எழுதியதை அப்படியே காப்பி பண்ணி இன்னொன்றில் ஒட்டினால் அர்த்தமே மாறிவிடும்.

'00' போட்டுத் தடுத்தால் போதுமா?

இந்தியாவில் இருந்து வெளிநாட்டுக்குப் பேச 00 போட வேண்டும். அதனால் '00, பிறகு புள்ளி' என்று எழுதித் தடுத்துவிட்டு, "ஐஎஸ்டி பிளாக் பண்ணியாச்சு" என்று பலரும் நிம்மதி ஆகிவிடுகிறார்கள்.

ஆனால் கம்ப்யூட்டரிலும் மொபைலிலும் ஓடும் சாஃப்ட்போன், 00க்குப் பதிலாக பிளஸ் குறியோடு எண்ணை அனுப்பலாம். அந்த அழைப்பு இந்த விதியில் சிக்காது. பிளஸ் குறிக்கும் தனியாக ஒரு விதி வேண்டும்.

அமெரிக்க வாடிக்கையாளர்களோடு பேசும் நிறுவனங்களுக்கு இன்னொரு சிக்கல். '001, பிறகு பத்து இலக்கம்' என்று அனுமதி கொடுப்பார்கள். ஆனால் 1 என்ற நாட்டு எண் அமெரிக்காவுக்கு மட்டும் சொந்தமில்லை. கனடாவும் பல கரீபியத் தீவு நாடுகளும் அதே எண்ணைத்தான் பயன்படுத்துகின்றன. ஜமைக்காவின் ஏரியா கோடு 876, டொமினிகன் குடியரசின் ஏரியா கோடு 809. பார்த்தால் அமெரிக்க எண் போலவே இருக்கும், கட்டணம் வேறாக இருக்கும். எனவே பொதுவான அனுமதியோடு, 001876, 001809 போன்றவற்றுக்குத் தனித் தடையும் எழுத வேண்டும்.

2021 ஜனவரி 15க்குப் பிறகு வந்த குழப்பம்

அன்று முதல் இந்தியாவில் லேண்ட்லைனில் இருந்து எந்த மொபைலுக்குப் பேசினாலும் முன்னால் 0 போட வேண்டும். சின்ன மாற்றம்தான். ஆனால் பழைய ஆபீஸ் விதிகளுக்கு இது பெரிய அடி.

எஸ்டிடி செலவைக் குறைக்க '0, பிறகு புள்ளி' என்று தடுத்து வைத்திருந்த இடத்தில், இந்த மாற்றத்துக்குப் பிறகு மொபைல் அழைப்பு எல்லாமே அதே விதியில் மாட்டும்.

வெளி லைன் எடுக்கவே 0 போடும் அலுவலகங்களில் கூடுதல் தலைவலி. லைனுக்கு ஒரு 0, மொபைலுக்கு ஒரு 0. ஆக, ஊழியர் அழுத்துவது 00. லைன் எடுக்கும் 0வை நீக்கும் முன்பே சிஸ்டம் விதியைப் பார்த்தால், பக்கத்துத் தெருவுக்குப் போகும் அழைப்பைக்கூட வெளிநாட்டு அழைப்பு என்று நினைத்துத் தடுத்துவிடும்.

சரி, மொபைலை மட்டும் அனுமதிக்கலாம் என்று '0, பிறகு [6-9], பிறகு ஒன்பது எக்ஸ்' என்று எழுதினால்? மொபைல் எண்கள் 6, 7, 8, 9ல் தொடங்குவதால் அவை எல்லாம் போகும். கூடவே பெங்களூரு லேண்ட்லைனும் போகும். காரணம், அதன் எஸ்டிடி கோடு 080, அதோடு எட்டு இலக்க எண். மொத்தம் 11 இலக்கம், இரண்டாவது இலக்கம் 8. விதிக்கு அப்படியே பொருந்தும். இதனால் பெரிய நஷ்டம் இல்லை. ஆனால் நாம் நினைப்பதைவிட வைல்டுகார்டு எப்போதும் கொஞ்சம் அதிகமாகவே பிடிக்கும் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

தடுக்கவே கூடாத எண்கள்

1860ல் தொடங்கும் எண்களுக்குக் கட்டணம் உண்டு. அதைத் தடுக்க நினைத்து, '1, பிறகு புள்ளி' என்று ஒருவர் எழுதிவிட்டால் என்ன ஆகும்? கட்டணமில்லாத 1800 எண்கள் போய்விடும். அதோடு அவசர உதவிக்கான 112, ஆம்புலன்ஸுக்கான 108, தீயணைப்புக்கான 101, குழந்தைகளுக்கான 1098, சைபர் குற்றப் புகாருக்கான 1930 எல்லாமே அடைபட்டுவிடும். யாராவது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்காரும் நாளில்தான் அது தெரியவரும்.

இது வெறும் கற்பனை பயம் இல்லை. 2013 டிசம்பரில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் மார்ஷல் நகரில், ஒரு மோட்டல் அறையில் கேரி ஹன்ட் என்ற பெண், பிரிந்து வாழ்ந்த கணவரால் தாக்கப்பட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய 9 வயது மகள், சொல்லிக் கொடுத்தபடியே 911க்கு நான்கு முறை போன் செய்தாள். ஒருமுறைகூட லைன் கிடைக்கவில்லை. அந்த அறை போனில் வெளி லைனுக்கு முதலில் 9 அழுத்த வேண்டும் என்பது குழந்தைக்குத் தெரியாது. முன்னால் எதுவும் இல்லாத 911ஐ வெளியே அனுப்ப அந்த சிஸ்டத்தில் வழி இல்லை.

கேரியின் தந்தை நடத்திய தொடர் போராட்டத்தால் 'கேரி சட்டம்' பிறந்தது. 2018 பிப்ரவரி 16 அன்று கையெழுத்தான அந்தச் சட்டம், இரண்டு ஆண்டுகள் கழித்து நடைமுறைக்கு வந்தது. அதன் பிறகு அங்கே புதிதாக நிறுவப்படும் எந்த ஆபீஸ், ஹோட்டல் போன் சிஸ்டத்திலும் முன்னால் எந்த எண்ணும் போடாமல் 911ஐ நேரடியாக அழைக்க முடிய வேண்டும்.

நம் ஊர் ஆபீஸுக்கும் பாடம் ஒன்றுதான். எந்தத் தடைக்கும் முன்பாக, அவசர எண்களை வைல்டுகார்டு இல்லாமல் முழுசாக எழுத வேண்டும். லைன் எடுக்கும் எண்ணோடு ஒருமுறை, அது இல்லாமல் ஒருமுறை.

புள்ளி ஏன் ஆபத்து?

ஆஸ்டரிஸ்கில் புள்ளி என்பது இலக்கங்களை மட்டும் பிடிப்பதில்லை. எழுத்து, குறி எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்ளும். இணையம் வழியாக வரும் அழைப்பில், எண்ணோடு ஒரு குறியையும் சேர்த்து அனுப்பி, கூடவே இன்னொரு இடத்துக்கும் அழைப்பைத் திருப்ப முடியும் என்று 2010ல் ஆஸ்டரிஸ்க் குழுவே பாதுகாப்பு எச்சரிக்கை வெளியிட்டது. எண்ணின் நீளம் தெரிந்த இடத்தில் புள்ளி வேண்டாம். பத்து இலக்கம் என்றால் பத்து இலக்கத்தையும் எழுதிவிடுவதே நல்லது.

அப்படியானால் எப்படி எழுத வேண்டும்?

• முதலில் அவசர எண்கள். அவற்றை எல்லா எக்ஸ்டென்ஷனுக்கும் திறந்துவிடுங்கள்.
• எதைத் தடுப்பது என்று பட்டியல் போடாதீர்கள். ஆபீஸுக்கு எது தேவையோ அதை மட்டும் அனுமதியுங்கள். மீதி தானாக நின்றுவிடும்.
• ஐஎஸ்டி தேவையே இல்லையா? தொலைபேசி நிறுவனத்திடம் சொல்லி லைனிலேயே மூடிவிடுங்கள். உங்கள் சிஸ்டத்துக்குள் திருடன் புகுந்தாலும் அந்தப் பூட்டு அவன் கைக்கு எட்டாது.
• ஐஎஸ்டி தேவை என்றால் எந்த நாடு, எந்த எக்ஸ்டென்ஷன், எந்த நேரம் என்று சுருக்குங்கள். இரவிலும் விடுமுறையிலும் மூடி வையுங்கள்.
• இரண்டு விதிகள் மோதினால் எது ஜெயிக்கும் என்று தெரிந்துகொள்ளுங்கள். சில சிஸ்டங்களில் அதிகத் துல்லியமான விதி ஜெயிக்கும். சிலவற்றில் பட்டியலில் மேலே இருப்பது ஜெயிக்கும்.
• உள்ளே வரும் அழைப்புகளிலும் கவனம் தேவை. 140ல் தொடங்குவது விளம்பர அழைப்பு, 1600ல் தொடங்குவது வங்கி போன்றவற்றின் சேவை அழைப்பு. இரண்டையும் ஒரே வைல்டுகார்டில் அடைத்தால், வங்கியின் எச்சரிக்கை அழைப்பும் வராது.

எழுதி முடித்ததும் சோதித்துப் பார்ப்பது முக்கியம். அதற்காக 112க்குச் சும்மா போன் போட வேண்டியதில்லை. ஓர் எண் எந்த விதியில் போய் விழும் என்பதை, அழைக்காமலேயே காட்டும் கமாண்ட் ஆஸ்டரிஸ்கில் உண்டு. சிஸ்கோவில் அதற்கு 'டயல்டு நம்பர் அனலைசர்' இருக்கிறது. 112, 108, ஒரு மொபைல் எண், ஒரு வெளிநாட்டு எண், பிளஸ் குறியோடு ஒரு எண் என ஐந்தையும் போட்டுப் பார்த்தால் பெரும்பாலான ஓட்டைகள் தெரிந்துவிடும்.

ஐந்து நிமிட வேலைதான். வெள்ளிக்கிழமை மாலை கதவைப் பூட்டும் முன் அதைச் செய்துவிடுவது நல்லது.