ஏழரை மைல் கோடு

ஆண்டு பிறந்ததும் நம் வீடுகளுக்கு டைரிகள் வந்து சேர்கின்றன. மருந்துக் கம்பெனி கொடுத்தது ஒன்று, வங்கி கொடுத்தது ஒன்று, மைத்துனர் கொடுத்தது ஒன்று. ஜனவரி முதல் தேதிப் பக்கத்தில் முத்து முத்தான எழுத்தில் சங்கற்பங்கள் இடம் பெறுகின்றன. விடியற்காலையில் எழுந்திருப்பது, கம்பராமாயணம் முழுவதையும் படித்து முடிப்பது, கடனை அடைப்பது, கோபத்தை விடுவது. பொங்கல் வருவதற்குள் எழுத்து கொஞ்சம் சாய்ந்துவிடுகிறது. மாசி மாதத்தில் அதே டைரியில் பால் கணக்கும் சலவைக் கணக்கும் ஏறிவிடுகின்றன. பரிகாசமாக இதைச் சொல்லவில்லை. ஆசைப்படுகிற மனிதர்கள் இருக்கும் வரையில் உலகத்துக்கு நல்லதுதான்.

ஆனால் ஆசை வேறு, குறிக்கோள் வேறு. அந்தத் தமிழ்ச் சொல்லைச் சற்று உற்றுப் பாருங்கள். குறி என்பது ஓர் அடையாளம்; தூரத்தில் நட்டு வைத்த கொடி போன்றது. அதைக் கொள்வது என்றால், கண்ணை அதிலிருந்து எடுக்காமல் இருப்பது. வெறும் ஆசைக்குக் கொடியும் கிடையாது, தூரமும் கிடையாது. இந்த வேறுபாட்டை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு மனிதரின் ஞாபகம் வரும். தூரத்தில் கொடியை நட்டு, அதைப் பார்த்துப் பார்த்தே வாழ்நாளைச் செலவிட்டவர் அவர். உருவகமாகச் சொல்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். அவருடைய வேலையே அதுதான்! அவர் பெயர் வில்லியம் லாம்டன்.

இங்கிலாந்தில் யார்க்‌ஷயர் பக்கத்தில் எளிய குடும்பத்தில் பிறந்தவர். பட்டாளத்தில் சேர்ந்து அமெரிக்காவுக்குப் போனார். அங்கே நடந்த விடுதலைப் போரில் சிறைப்பட்டார். பிறகு கனடாப் பக்கத்தில் படைவீடுகளைப் பார்த்துக்கொள்ளும் உத்தியோகம். பதவி உயர்வுக்கு வழியில்லாத, பனி மூடிய மூலை. அந்த மூலையில் உட்கார்ந்து அவர் கணித நூல்களைக் கரைத்துக் குடித்தார். கறுப்புக் கண்ணாடி இல்லாமல் சூரிய கிரகணத்தைப் பார்த்து ஒரு கண்ணின் பார்வையைக் கெடுத்துக்கொண்டதும் அமெரிக்காவில்தான். இந்தியாவுக்கு அவர் வந்தபோது நாற்பதைத் தாண்டிவிட்டார். நம் ஊரில் அந்த வயதுக்காரர் பெண்ணுக்கு வரன் தேடத் தொடங்கியிருப்பார்.

1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணத்துப் போர். ஓர் இரவு ஆங்கிலப் படையின் ஒரு பிரிவு இருட்டில் நடந்து கொண்டிருந்தது. லாம்டன் நட்சத்திரங்களை அண்ணாந்து பார்த்தார். படை போக வேண்டிய திசையை விட்டு, நேராகத் திப்புவின் பாசறையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. தளபதியிடம் சொன்னார். தளபதிக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை. திசைகாட்டியை எடுத்துப் பார்த்ததும்தான் லாம்டன் சொன்னது சரி என்று தெரிந்தது. எல்லோரும் கால் போன திசையில் நடக்கும்போது ஒருவர் மட்டும் வானத்தைப் பார்த்துத் திசை கணித்தாரே, அந்தக் குணந்தான் பின்னால் வரும் கதைக்கெல்லாம் வேர்.

போர் முடிந்தது. மைசூர் ராஜ்யத்தை அளந்து படம் வரைய வேண்டும் என்று கம்பெனியார் விரும்பினார்கள். லாம்டன் ஒரு திட்டத்தை எழுதிக் கொடுத்தார். அதில் கம்பெனிக்கு வேண்டிய படம் இருந்தது. அவருக்கு வேண்டிய வேறொன்றும் இருந்தது. பூமி சரியான உருண்டை அல்ல, துருவங்களில் சற்றுத் தட்டையாக இருக்கும் என்று நியூட்டன் கணித்திருந்தார். அப்படியானால் தீர்க்கரேகையின் மீது ஒரு பாகை தூரம், பூமத்திய ரேகைக்கு அருகே சற்றுக் குறைவாகவும் வடக்கே போகப் போகச் சற்று அதிகமாகவும் இருக்க வேண்டும். பிரெஞ்சுக்காரர்கள் 1730-களில் பெரு நாட்டிலும் லாப்லாந்திலும் போய் அளந்து வந்தார்கள். இந்தியாவில் அதை அளந்து பார்க்க வேண்டும் என்பதே லாம்டன் நட்ட கொடி.

சென்னையில் எல்லோரும் தலையாட்டிவிடவில்லை. நிதியைக் கவனித்த ஒருவர், ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குப் போக வேண்டுமானால் பல்லக்குத் தூக்கிகளிடம் சொன்னால் போதுமே, அவர்கள் கொண்டுபோய் விட்டுவிடுவார்களே, இதற்கு வானசாஸ்திரம் எதற்கு என்ற தோரணையில் கேட்டாராம். நியாயமான கேள்விதான்! பெரிய காரியம் எதையாவது தொடங்கிப் பாருங்கள். பல்லக்கைக் காட்டுகிற ஒருவர் கட்டாயம் வந்து சேருவார்.

அனுமதி கிடைத்தது. நம்மைப் போன்ற ஆசைக்காரர்களாயிருந்தால் அன்றே மூட்டை கட்டிக்கொண்டு வடக்கு நோக்கிக் கிளம்பியிருப்போம். லாம்டன் என்ன செய்தார் தெரியுமா? 1802 ஏப்ரலில் பரங்கிமலை அடிவாரத்திலிருந்து தெற்கே பெரும்பாக்கம் வரையில் ஒரு நேர்கோட்டை அளக்க உட்கார்ந்தார். நீளம் ஏறத்தாழ ஏழரை மைல். ஏழரை என்றதும் நமக்குச் சனி பகவான்தான் நினைவுக்கு வருவார். லாம்டனைப் பிடித்த ஏழரையும் லேசானதல்ல.

நூறு அடி நீளமுள்ள எஃகுச் சங்கிலி ஒன்று. சீனச் சக்கரவர்த்திக்குப் பரிசாக எடுத்துப் போய், அங்கே ஏற்பாரில்லாமல் இந்தியாவுக்கு வந்து சேர்ந்த சங்கிலி அது. அதைத் தரையில் போட்டு இழுக்கவில்லை. முக்காலிகளின் மேல் மரத் தொட்டிகளை வரிசையாக வைத்து, அவற்றுக்குள் சங்கிலியைக் கிடத்தினார்கள். வெயில் படாமல் மேலே கூடாரம். பக்கத்தில் வெப்பமானிகள். உஷ்ணம் ஏறினால் எஃகு நீளும் அல்லவா? எவ்வளவு நீண்டிருக்கும் என்று கணக்குப் போட்டு அளவைத் திருத்த வேண்டும். பிறகு சங்கிலியைத் தூக்கி அடுத்த நூறடிக்கு நகர்த்த வேண்டும். இப்படிச் சுமார் நானூறு முறை, சென்னையின் கோடை வெயிலில்! பரங்கிமலையிலிருந்து பெரும்பாக்கத்துக்கு இப்போது சாலையும் கட்டடங்களும் நெருக்கியடித்துக் கிடக்கின்றன. அந்த வழியே போகும்போதெல்லாம், காலடியில் அந்தக் கோடு ஓடுகிறது என்று நான் நினைத்துக்கொள்வது உண்டு.

ஒரு கோட்டுக்கு இவ்வளவு பாடு எதற்கு? பள்ளிக்கூடத்தில் படித்ததை நினைவுபடுத்திக் கொள்ளுங்கள். ஒரு முக்கோணத்தின் ஒரு பக்கமும் இரண்டு கோணங்களும் தெரிந்தால் மற்ற இரண்டு பக்கங்களைக் கணக்கிட்டுவிடலாம். அந்தப் பக்கத்தின் மேல் இன்னொரு முக்கோணம், அதன் மேல் இன்னொன்று. இப்படியே மலைக்கு மலை, கோபுரத்துக்குக் கோபுரம் தாவிக்கொண்டு தேசம் முழுவதையும் அளந்துவிடலாம். ஆனால் முதற்கோடு ஓரடி பிசகினால், அந்தப் பிசகு ஒவ்வொரு முக்கோணத்திலும் வட்டியோடு வளர்ந்துகொண்டே போகும். தொலைவில் இருக்கும் இலட்சியத்தின் தலையெழுத்து, காலடியில் இருக்கும் ஏழரை மைலில் எழுதப்பட்டுவிடுகிறது.

வளர்கிறதா என்று அறியவும் அவர் வழி வைத்திருந்தார். 1804-ல் பெங்களூருக்கு அருகே, கணக்கில் நீளம் கண்டுவிட்ட ஒரு கோட்டை மறுபடியும் சங்கிலியால் அளந்தார். கணக்குக்கும் சங்கிலிக்கும் இருந்த வித்தியாசம் சில அங்குலங்களே! பிறகு மேற்குக் கடற்கரையான மங்களூர் வரை முக்கோணங்கள் சென்றன. சென்னைக்கும் மங்களூருக்கும் இடையே 400 மைல் என்று படங்களில் போட்டிருந்தது. லாம்டன் கணக்கில் 360 மைல்தான் தேறியது. நாற்பது மைல் அகல நிலம் காகிதத்தில் மட்டுமே இருந்திருக்கிறது. நம்முடைய சொந்த வாழ்க்கைப் படத்திலும் இப்படி இல்லாத நிலம் எத்தனை மைலோ?

இனிமேல்தான் சோதனை. கோணங்களை அளக்க அவர் இங்கிலாந்திலிருந்து வரவழைத்த பெரிய தியோடலைட் கருவி அரை டன் எடை. வரும் வழியிலேயே அது பிரெஞ்சுக்காரர் கையில் அகப்பட்டு, மொரீஷியஸ் தீவில் இறங்கி, பிறகு அவர்களே மரியாதையாகச் சென்னைக்கு அனுப்பி வைக்க, வந்து சேர்ந்தது. அதைத் தூக்கிக்கொண்டு மலை மலையாக ஏறினார்கள். அந்தக் குழாய் வழியே அந்தப்புரத்துப் பெண்கள் தெரிவார்கள் என்ற சந்தேகம் வேறு சில ஊர்களில் எழுந்தது.

1808-ல் அளவை தஞ்சாவூர்ச் சீமைக்கு வந்தது. காவிரிப் பாசனத்தில் மலை ஏது? எங்கே பார்த்தாலும் தென்னந்தோப்பு. ஆகவே கோயில் கோபுரங்களே மலைகளாயின. பெரிய கோயில் விமானத்தின் மேல் தியோடலைட்டை ஏற்றுகிறார்கள். பக்கவாட்டில் இழுத்துப் பிடித்திருந்த கயிறு அறுந்தது. அரை டன் கருவி பெட்டியோடு சுவரில் போய் மோதியது. நுண்ணிய கோடுகள் கீறிய பெரிய வட்டம் கோணிப்போயிற்று. மயிரிழைப் பிழையும் ஆகாத கருவி அது.

அந்தக் காலத்தில் இன்னொரு கருவி வர வேண்டுமானால் சீமையிலிருந்து கப்பலில்தான் வர வேண்டும். வேறு யாராக இருந்தாலும் அன்றோடு விதியை நொந்துகொண்டு மேலிடத்துக்கு ஓலை எழுதிவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். லாம்டன் கூடாரத்துக்குள் போய் அடைந்துகொண்டார். தொழில் தெரிந்த சில ஆட்களைத் தவிர யாரையும் உள்ளே விடவில்லை. வட்டத்தைப் பிரித்துப் போட்டு, ஆப்பும் திருகாணியும் கப்பியும் வைத்து இம்மி இம்மியாக இழுத்து நிமிர்த்தினார். ஆறு வாரம்! வெளியே வந்தபோது கருவி மறுபடியும் கோணம் பார்த்தது. மறுபடியும் வேலை நடந்தது. அந்த ஆறு வாரத்தில் அளவை ஓர் அடி கூட முன்னேறவில்லை. ஆனால் அந்த ஆறு வாரம் இல்லாவிட்டால் பிறகு அளந்தது எதுவும் இல்லை.

அவருக்கு நான் ஆலத்தி எடுப்பதாக நினைக்க வேண்டாம். அந்தப் படங்கள் கம்பெனியாரின் வரி வசூலுக்கும் படை நடத்துவதற்கும் பயன்பட்டன என்பதை மறக்க முடியாது. லாம்டனோடு மலையேறியவர்களையும் மறக்க முடியாது. சென்னையில் 1794-ல் ஏற்பட்ட நில அளவைப் பள்ளியில் பயின்ற பிள்ளைகள் சிலருடைய பெயர் ஏட்டில் இருக்கிறது. சங்கிலி பிடித்தவர்கள், கொடி நட்டவர்கள், அரை டன் பெட்டியைத் தோளில் சுமந்தவர்கள் பலருக்குப் பெயர் இல்லை. காட்டுக் காய்ச்சலில் மாண்டவர்களுக்குக் கல்லும் இல்லை. ஒருவருடைய குறிக்கோளை எத்தனையோ தோள்கள் சுமக்கின்றன. அடைந்துவிட்டோம் என்று மார்தட்டும்போது அந்தத் தோள்களை எண்ணிப் பார்ப்பது நல்லது.

குமரிமுனை அருகிலிருந்து ஹைதராபாத் ராஜ்யம் வரையில், ஏறத்தாழ பத்துப் பாகை தூரத்தை லாம்டன் அளந்து முடித்தார். தாம் கேட்ட கேள்விக்கு விடை கண்டார். 1817-ல் லண்டன் ராயல் சொசைட்டி அவரைத் தன் அங்கத்தினராக்கிக்கொண்டது. அவர் நட்ட கொடியை அடைந்தாயிற்று. வயதும் அறுபதைத் தாண்டிவிட்டது. ஊருக்குத் திரும்பி ஓய்வு பெற்றிருக்கலாம். ஆனால் கொடியைப் பிடுங்கி இன்னும் வடக்கே கொண்டுபோய் நட்டார். 1823 ஜனவரி 20-ம் தேதி, நாகபுரிக்குப் போகும் வழியில், இன்றைய மகாராஷ்டிரத்திலுள்ள ஹிங்கண்காட்டில் உயிர் நீத்தார்.

1818-ல் அவரிடம் உதவியாளராக வந்து சேர்ந்தவர் ஜார்ஜ் எவரெஸ்ட். விட்ட இடத்திலிருந்து அவர் தொடர்ந்தார். 1840-களின் தொடக்கத்தில் அந்தத் தீர்க்கரேகை வில் இமயத்தின் அடிவாரத்தை எட்டியது. நீளம் ஏறத்தாழ 2,400 கிலோமீட்டர். அதன் மேல் கட்டிய முக்கோணங்களைக் கொண்டு பனிமலைச் சிகரங்களை அளந்தார்கள். வங்காளிக் கணித மேதை ராதாநாத் சிக்தர் போட்ட கணக்கில், வெறும் எண்ணால் குறிக்கப்பட்டிருந்த ஒரு சிகரம் உலகிலேயே உயரமானது என்று தெரிந்தது. 1856-ல் அறிவித்த உயரம் 29,002 அடி. 1865-ல் அதற்கு எவரெஸ்ட் என்று பெயர் சூட்டினார்கள். 2020-ல் நேபாளமும் சீனாவும் சேர்ந்து அறிவித்த உயரம் 8,848.86 மீட்டர், அதாவது சுமார் 29,032 அடி. சிகரத்தின் மேல் ஏறாமலே, வெகு தூரத்தில் நின்று போட்ட பழைய கணக்குக்கும் இதற்கும் முப்பது அடிதான் வித்தியாசம்!

பெயர் எவரெஸ்டுக்குப் போயிற்று. சிக்தருக்கும் போகவில்லை, லாம்டனுக்கும் போகவில்லை. லாம்டன் அந்தச் சிகரத்தைக் கண்ணால் கூடப் பார்த்ததில்லை. இது அநியாயம் என்று நண்பர் ஒருவர் என்னிடம் வாதாடினார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தாம் யாராக ஆக வேண்டும் என்பதை லாம்டன் குறிக்கோளாக வைத்திருந்தால் அது தோல்விதான். எது அளக்கப்பட வேண்டும் என்பதையே அவர் குறிக்கோளாக வைத்திருந்தார். அது அளக்கப்பட்டுவிட்டது.

டைரியில் எழுதுகிறவர்கள் சிகரத்தின் பெயரை எழுதட்டும். வேண்டாம் என்று சொல்ல நான் யார்? அடுத்த வரியில், அவரவர் பரங்கிமலையிலிருந்து பெரும்பாக்கம் வரையில் எவ்வளவு தூரம் என்பதையும் எழுதி வைத்தால் போதும். அதை வெயில் பாராமல், ஓர் அங்குலமும் ஏமாற்றாமல் அளந்து முடிக்க வேண்டும். கயிறு அறுகிற நாள் ஒன்று நிச்சயம் வரும்; அதற்கு ஆறு வாரம் ஒதுக்கி வைத்துக்கொள்ளுங்கள்.