சிறு குற்றங்களும் பெருந்தோட்டமும்: 1841ஆம் ஆண்டின் இரு கட்டளைச் சட்டங்கள்

குற்றமும் தண்டனையும் பற்றிய வரலாற்றிற் கொலை, கொள்ளை, கிளர்ச்சி ஆகியனவே பெரும்பாலும் கவனத்தைப் பெறுகின்றன. தெருவில் இரந்து நின்றமைக்குச் சில நாள் மறியல், வேலைக்கு வராமைக்குச் சில வாரம் கடூழியம் என்பன நீதிமன்றப் பதிவேடுகளின் ஓரத்திலேயே கிடந்துவிடுகின்றன. ஆயின் குடியேற்ற ஆட்சிக் கால இலங்கையில் உழைக்கும் மக்கள் அரசை நேருக்குநேர் சந்தித்த இடம் பெரும்பாலும் இச்சிறு குற்றங்களே என்பது மனங்கொள்ளத்தக்கது.

1832இல் இராசகாரியம் ஒழிக்கப்பட்டது. 1840இன் முடிக்குரிய காணிகள் பற்றிய கட்டளைச் சட்டம், உரித்து எண்பிக்கப்படாத காடுகளையும் தரிசுகளையும் அரசுடைமையாக்கிக் கோப்பித் தோட்டக்காரருக்கு வழிசெய்தது. நிலம் கிடைத்தது, உழைப்பாளி எங்கே? கட்டாய ஊழியம் நீங்கியபின் உழைப்பைப் பெறுவதற்குப் புதிய நிர்ப்பந்தம் தேவையாயிற்று. 1841ஆம் ஆண்டின் 4ஆம், 5ஆம் இலக்கக் கட்டளைச் சட்டங்களை இப்பின்னணியிலேயே நாம் நோக்குதல் வேண்டும்.

நான்காம் இலக்கம் அலைந்து திரிவோர் பற்றியது. இங்கிலாந்தின் 1824ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தழுவிய இது, உழைக்க வல்லவனாயிருந்தும் உழைக்காது இரந்து திரிபவனைக் குற்றவாளியாக்கிற்று. முதல்வகைக் குற்றத்துக்குப் பதினான்கு நாள்வரை மறியல். மீண்டும் அகப்பட்டால் தண்டனையும் கூடும், பட்டமும் மாறும். ஐந்தாம் இலக்கம் வேலையாட்களும் கூலியாட்களும் செய்யும் சேவை ஒப்பந்தங்கள் பற்றியது. எசமானற்றிருப்பதை ஒன்று தண்டித்தது. எசமானை விட்டு நீங்குவதை மற்றது தண்டித்தது. அடுத்தடுத்த இலக்கங்களைப் பெற்றமை தற்செயலாயினும் ஆகலாம். அவற்றின் பொருட்பொருத்தம் தற்செயலன்று. மறு ஆண்டிலே ரைன் பிரதேசத்தில் விறகு பொறுக்கிய ஏழைகளைத் திருடராக்கிய சட்டவாதங்களை இளம் மார்க்ஸ் பத்திரிகையில் ஆராய்ந்துகொண்டிருந்தார் என்பதையும் இவ்விடத்து நினைவுகூரலாம்.

சேவை ஒப்பந்தச் சட்டம் 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமாக விரிந்தது. தக்க காரணமின்றி வேலைக்கு வராமை, வேலைநேரத்து மதுபோதை, கீழ்ப்படியாமை, துடுக்காகப் பேசுதல், அனுமதியின்றித் தோட்டத்தை விட்டகலுதல் ஆகியன யாவும் குற்றங்களாயின. சம்பள இழப்பும் மூன்று மாதம்வரை மறியலும் தண்டனை. சம்பளம் கொடாத துரைக்கும் தண்டனை விதிக்கப்பட்டிருந்தது உண்மையே. ஆயின் துரையை நீதிமன்றுக்கு இழுக்கவேண்டியவன், துரையின் அனுமதியின்றித் தோட்ட எல்லையைத் தாண்டவே அஞ்சியவன். ஏட்டிலிருந்த சமத்துவத்தின் பெறுமதி அவ்வளவே.

துடுக்கு என்பது எது? குரலா, பார்வையா, விலகி நில்லாமையா? வரையறையற்ற இச்சொல்லே சட்டத்தின் கூர்முனை எனலாம். தண்டனை சிறிதாயிருந்தமையும் கருணையாலன்று. சிறையிலிருப்பவன் கோப்பி பறிக்கவோ தேயிலை கொய்யவோ இயலாது. துரைக்கு வேண்டியிருந்தது தண்டனையிலும் பார்க்கத் தண்டனையச்சமே. இதனோடு இணைந்தது துண்டு முறை. தொழிலாளியின் கடன் தொகை குறிக்கப்பட்ட அச்சீட்டின்படி, கடனைச் செலுத்தும் தோட்டத்துக்கே அவன் மாறலாம். ஆள் மாறினாலும் கடன் தொடர்ந்தது. பல வேளைகளிற் பெருகவும் செய்தது. மலையக நாட்டார் பாடல்களில் துரையும் கங்காணியும் பெறும் இடத்தை வெறும் உணர்ச்சி வெளிப்பாடாகக் கொண்டு ஆராய்வோர், அவ்விருவருக்கும் பின்னின்ற இச்சட்ட ஏற்பாட்டைக் காணத் தவறுகின்றனர்.

இங்கிலாந்தில் தொழிலாளர் போராட்டங்களின் விளைவாக 1875இல் சேவை ஒப்பந்த மீறல் குற்றவியலினின்று நீக்கப்பட்டுக் குடியியல் விவகாரமாயிற்று. அதே ஆட்சியின் கீழிருந்த இலங்கையிலோ அதற்கு மேலும் 46 ஆண்டுகள் சென்றன. சேர் பொன்னம்பலம் அருணாசலம் 1919இல் இலங்கைத் தொழிலாளர் நலன்புரிச் சங்கத்தை அமைத்து இத்தண்டனைகளுக்கெதிராக வாதாடினார். உயர்குடியிற் பிறந்து உயர் அரச பதவி வகித்த ஒருவர் இதனை மேற்கொண்டமை அன்றைய தொழிலாள வர்க்கம் அமைப்புநிலை பெறாமையையும் காட்டுகின்றது. இந்திய அரசின் அழுத்தமும் சேர, 1921ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் துண்டையும் தொழிற் குற்றங்களுக்கான மறியலையும் ஒழித்தது.

அலைந்து திரிவோர் சட்டம் அவ்வாறு ஒழியவில்லை. சுதந்திரத்தின் பின்னரும் ஏட்டிலிருந்த அச்சட்டத்தின் கீழ், இருபத்தோராம் நூற்றாண்டிலும் கொழும்பு வீதிகளில் இரவில் நின்ற ஏழைப் பெண்கள் கைதுசெய்யப்பட்டு நீதவான் முன் நிறுத்தப்பட்டனர்.