ஒரே அஞ்சல் வட்டாரம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை, ஒரு கடிதம் எத்தனை நாடுகளைக் கடந்ததோ அத்தனை நாடுகளின் கட்டணமும் அதன்மேல் ஏறியது; இச்சிக்கலை, ஜெர்மானிய அஞ்சல் துறைத் தலைவர் ஹைன்ரிக் ஃபான் ஸ்டெஃபானின் முயற்சியால், 1874 அக்டோபர் 9 அன்று பெர்ன் நகரில் 22 நாடுகள் கையெழுத்திட்ட உடன்படிக்கை தீர்த்துவைத்தது. உறுப்பு நாடுகள் அனைத்தும் ‘ஒரே அஞ்சல் வட்டாரம்’, அதாவது கடிதப் போக்குவரத்தைப் பொறுத்தவரை எல்லைகளற்ற ஒரே பரப்பு, எனக் கொள்ளப்பட்டன. அஞ்சல்தலைப் பணத்தை அனுப்பும் நாடே வைத்துக்கொள்ளும் என்ற விதியே இதன் உயிர்நாடி: ஒவ்வொரு கடிதத்துக்கும் ஒரு பதில் வரும், ஆகவே கணக்கு தானே நேராகிவிடும் என்று கொள்ளப்பட்டதால், கடிதந்தோறும் பங்கு பிரிக்கும் வேலை ஒழிந்தது. பேரரசுகளும் சிறு நாடுகளும் ஒன்றையொன்று இவ்வளவு நம்பியது உண்மையிலேயே வியப்புக்குரியது. அனுப்புவதைவிட மிகுதியாகப் பெறும் நாடுகளுக்குப் பட்டுவாடாச் செலவை ஈடுசெய்யும் முறையை, 1969-இல் டோக்கியோவில் கூடிய மாநாடுதான் ஏற்றது.